கேட்டுக்கிட்டு இருக்கேன்

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பார்த்தது பட்டப்பகலில். தொண்ணூற்றேழாம் வருஷம், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், கொக்கிரகுளத்து ஆற்றங்கரையில், என் அண்ணன் வேலை பார்த்த வீட்டில்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு எரிச்சல். கூட வந்த ஸ்ரீவத்ஸன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். கல்லிடைக்குறிச்சிக்காரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் அண்ணன் இஸ்ரவேல் செய்த 'பொருநை' கம்ப்யூட்டரில் விளையாடிப் பைத்தியம் பிடித்தவன். அந்தப் பைத்தியம் அவனுக்கு இன்னும் தெளியவில்லை.

"அக்கா, அந்த ரப்பர் பட்டனோட வாசனை இருக்கே, இப்பவும் கனவுல வரதுக்கா."

"உனக்கு வாசனை வருது. எனக்கு வயித்தெரிச்சல் வருது. பேசாம நட."

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் பிறந்தது என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும். பரீட்சை அட்டை அகலம்தான் இருக்கும். வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ளலாம். புரோகிராம் எல்லாம் பாட்டுக் கேட்கிற கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டரில் வயரைச் சொருகி ஓடவிட்டால், கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏற்றிக்கொள்ளும். 'ழ' எழுத்தின் வால் திரைப் புள்ளிகளுக்குள் அடங்காமல் அண்ணன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி அடுக்கிக் கலைப்பான். அம்மா குழம்புச் சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பாள்.

அந்தப் பெட்டியை நம் பேச்சிலேயே பேச வைத்தான். ஆன் செய்தால் 'வா, உட்கார்' என்று வரும். கேசட் ஓடும்போது 'கேட்டுக்கிட்டு இருக்கேன்'. சரியாக ஏறிவிட்டால் 'கேட்டாச்சு'. ஏறாவிட்டால் 'புரியலையே, மறுபடி சொல்லு'. பிள்ளைகள் அதற்குத்தான் உயிரை விட்டார்கள். பதில் சொல்கிற சினேகிதன் யாருக்குத்தான் கசக்கும்?

பெட்டிக்குள்ளே இருந்தது அண்ணனின் மூளை. வெளியே பார்த்துக்கொண்டவர் தாணுமாலையன் அண்ணாச்சி, ரேடியோக் கடைக்காரர். வீடும் அவருடையதுதான். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தன்று, மெஷின்களைக் காப்பாற்ற உள்ளே போன இஸ்ரவேலை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்து சொன்னவரும் அவர்தான். ஸ்ரீவைகுண்டம் அணை வரைக்கும் தேடினோம். ஒதுங்கிய பிணங்களை எல்லாம் அம்மா ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். எதுவும் அண்ணன் இல்லை.

அன்றிலிருந்து அம்மா அழவில்லை. பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் வெட்டிய ஒரு கல்லாவது நடுவோம் என்றால், "முகத்தக் காட்டு, அழுதேன்" என்பாள். ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் கிடப்பாள். அண்ணன் எங்கே? அந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது பொருநையில் விளையாடி வளர்ந்த பையன்கள் எல்லாம் சேர்ந்து விழா எடுக்கிறார்களாம். தாணுமாலையனுக்குப் பொன்னாடையாம். வெள்ளத்துக்குத் தப்பியது ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு கேசட். அண்ணன் கடைசியாக எழுதிய புரோகிராம் அதில் இருக்கிறது, ஆனால் ஏற மறுக்கிறது. அதை ஏற்றத்தான் நான் வேண்டும். அந்தக் காலத்தில் விற்பனைக்குக் கேசட் பதிந்து கொடுத்தவள் நான். டேப் ரிக்கார்டரில் டேப்பைப் படிக்கிற தலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். பதிந்த மெஷினும் ஓடுகிற மெஷினும் வேறு வேறு என்றால், அந்தத் திருகாணியை இம்மி இம்மியாகத் திருகிச் சத்தத்தைத் தெளியவைக்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்குத் 'தலையைத் திருப்புவது' என்று பெயர்.

தாணுமாலையன் வாசலிலேயே நின்றார். சலவை வேட்டி, விரல் நிறைய மோதிரம்.

"வா தாயி. உங்க அண்ணன் கேசட்டு எங்கிட்ட முறுக்குது. உன் கைக்குத்தான் படியும்."

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு. அது தெரிந்ததுதான். வாசம்தான் புதிது. ரப்பர் கருகுகிற வாசம்.

"இங்கன இன்னும் ரப்பர் காய்ச்சுதியளா அண்ணாச்சி?"

"எவன் காய்ச்சுதான்? வெள்ளத்தோட எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா."

மேசை, மெஷின், டிவி, டேப் ரிக்கார்டர் எல்லாம் பின்கட்டு அறையில் இருந்தன. அந்த அறையில் முன்பு கிணறு உண்டு. கூரைக்குக் கீழே கிணறு இருக்கிற பழைய வீடு. இப்போது கிணற்று வாயைக் காங்கிரீட் பலகை போட்டு மூடி, அதன் மேலே மெஷினுக்கு ரப்பர் பட்டன் அச்சடிக்கிற கைப்பிரஸ்ஸை ஏற்றி வைத்திருந்தார். அண்ணன் இருந்தபோது அது முன்னறை ஜன்னலோரம் நின்றது. ஆள் உயர இரும்பு, உச்சியில் ஒரு நீளக் கை, கையின் நுனியில் இரும்புக் குண்டு. கையைச் சுழற்றினால் அச்சு இறங்கி, சூடான ரப்பரைப் பட்டனாக அழுத்தும்.

"இத ஏன் கிணத்து மேல கொண்டு வச்சிருக்கிய?"

"வெள்ளத்துல சாக்கடை கலந்துட்டு. மூடிட்டேன். பாரத்துக்கு இது கிடக்கட்டும்னு வச்சேன்."

நான் சும்மா பிரஸ்ஸின் கையைத் தொட்டேன். சுட்டது. அங்கே வெயில் கிடையாது, வயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. கையை உதறிக்கொண்டேன்.

ஸ்ரீவத்ஸன் மேசை முன்னால் போய்க் கோயிலில் நிற்கிறவன் மாதிரி நின்றான். மெஷினின் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவினான். அவன் கண்ணில் தண்ணீர். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டிவியில் எழுத்து வந்தது.

வா, உட்கார்.

"அதுக்குள்ள ஆன் பண்ணிட்டியா?" என்றேன்.

"இல்லக்கா." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "இன்னும் ஸ்விட்ச் போடலையே."

"பழைய வயரிங்கு, அப்படித்தான் கசியும்" என்று தாணுமாலையன் சுவிட்சைத் தட்டினார். "ஆக வேண்டியதப் பாருங்க."

கேசட்டைப் போட்டு, வயரைச் சொருகி, ஓடவிட்டேன். வயரைச் சொருகிவிட்டால் ரிக்கார்டரின் ஸ்பீக்கர் ஊமை. சத்தம் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் போகும்.

கேட்டுக்கிட்டு இருக்கேன்.

எழுத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடின. புரோகிராம் ஏறும்போது அந்தக் கோடுகள் மெல்லிசாக, ஒரே சீராக ஓட வேண்டும். இவை அப்படி ஓடவில்லை. தடித்தன, மெலிந்தன, நின்றன, மறுபடி தடித்தன. யாரோ பேசுவதும் நிறுத்துவதும் மாதிரி.

புரியலையே, மறுபடி சொல்லு.

"பாத்தியா? எனக்கும் இதே கதைதான்" என்று அலுத்துக்கொண்டார் தாணுமாலையன். "வயரை மாட்டி மாட்டி ஓட்டிச் சலிச்சிட்டேன். வயரை உருவிட்டுக் காதால கேட்டுத் தலையைத் திருப்பு தாயி."

சொன்னது அவர்தான்.

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி வயரை உருவினேன். திருகாணியில் கை வைத்தேன். முதலில் மழைச் சத்தம். அதற்குப் பின்னால் பெரிய இரைச்சல். தாமிரபரணி கரை புரண்டு போகிற இரைச்சல்; ஒரு தரம் கேட்டவர்களுக்கு மறக்காது. இம்மி திருகினேன். இரைச்சலுக்குள்ளிருந்து குரல் தெளிந்தது.

"எல்லாக் கேசட்டும் வெத்து டேப்பா கிடக்கு. என்னலே பண்ணி வச்சிருக்க?"

தாணுமாலையன் குரல்.

"அழிச்சிட்டேன் அண்ணாச்சி. பொருநை நம்ம பிள்ளை. நீரு துட்டு வாங்கிட்டு, எவனோ பேரை மாத்தி விக்கதுக்கு நான் குடுக்க மாட்டேன்."

என் அண்ணன் குரல்.

அறை விழுகிற சத்தம். நாற்காலி உருள்கிற சத்தம். எதையோ இழுக்கிற சத்தம். பிறகு கைப்பிரஸ்ஸின் மரை கிரீச்சிட்டது.

"எந்தக் கையாலலே அழிச்ச? சொல்லு. எந்தக் கை?"

"விடும் அண்ணாச்சி... வலது கை... விடும்வே..."

"இந்த விரலா?"

எலும்பு நொறுங்குகிற சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அண்ணன் கத்தினான்.

"இதா? இதா?"

மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு விரலுக்கும் இரும்புக் குண்டு சுழன்று வருகிற காற்றுச் சத்தம்கூட டேப்பில் கேட்டது. கடைசியில் கனமாக ஒரு அடி. அதற்கப்புறம், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, ஒரே ஒரு வார்த்தை.

"அம்மா..."

இழுபடுகிற சத்தம். ஆழத்தில் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு மழை மட்டும்.

எனக்குப் புரிந்துவிட்டது. கேசட்டை அழிக்க வேண்டுமென்றால், மைக் துளையில் ஒரு வெறும் பிளக்கைச் சொருகிவிட்டு ரிக்கார்ட் பட்டனை அமுக்குவோம். டேப் முழுக்க மௌனம் பதியும். வெறும் பிளக்கைச் சொருகாவிட்டால் ரிக்கார்டரின் சொந்த மைக் அறையில் நடப்பதையெல்லாம் பதிந்துவிடும். கடைசிக் கேசட்டை அழிக்கும்போது அண்ணன் அந்தப் பிளக்கைச் சொருகவில்லை. மறந்தானோ, வேண்டுமென்றேதான் விட்டானோ. டேப் முடிந்ததும் பட்டன் தானாக மேலே எழும்பிவிடும். கொன்றுவிட்டு வந்து பார்த்தவர், இந்த ஒன்று தப்பித்தது என்று நினைத்து எடுத்து வைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் வயரை மாட்டியே ஓட்டினார். அந்தக் கொலையை மெஷின் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

என் கண் பிரஸ்ஸுக்குப் போயிற்று. அதன் கீழே காங்கிரீட் பலகை. பலகைக்குக் கீழே கிணறு.

"பாவி! எங்க அம்மா அணைக்கட்டுல பிணம் பிணமா புரட்டிப் பாத்தாளே! இங்கனயாடா போட்டு வச்சிருந்த?"

தாணுமாலையன் நிதானமாகப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டார். மூலையில் கிடந்த பெரிய ஸ்பானரை எடுத்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம்" என்று குறுக்கே போன ஸ்ரீவத்ஸனின் தலையில் அது இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். அவன் மெஷின் மேலேயே குப்புற விழுந்தான். அவனுடைய ரத்தம் ரப்பர் பட்டன்களுக்கு இடையே இறங்கி மேசை விளிம்பில் சொட்டியது.

நான் கதவுக்கு ஓடினேன். என் சடையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். பல் உடைந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவர் கையைக் கடித்தேன். சதை பிய்கிற வரைக்கும் விடவில்லை. அவர் என் வலது கையை முறுக்கி, பிரஸ்ஸின் அச்சுக்குள் திணித்தார். இரும்பு கொதித்தது.

"ரிக்கார்டரை நிறுத்துளா! நிறுத்து!"

டேப் முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. அதை யாரும் பின்னுக்கு ஓட்டவில்லை. அவர் என்னை விட்டுவிட்டுப் பாய்ந்து ரிக்கார்டரின் கரண்ட் வயரைப் பிடுங்கினார். சுவரிலிருந்து தீப்பொறி பறந்தது. விளக்கு அணைந்தது.

டேப் நிற்கவில்லை.

"எந்தக் கையாலலே அழிச்ச?"

அவருடைய குரலே அவரைக் கேட்டது. டிவி வெளிச்சமாக எரிந்தது.

வா, உட்கார்.

தாணுமாலையனின் கால்கள் பின்னுக்கு நகர்ந்தன. அவர் நகர்த்தவில்லை, யாரோ முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் போல நகர்ந்தன. அவருடைய வலது கை தானாக நீண்டு அச்சுக்குள் போனது. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். பிரஸ்ஸின் கை, ஒருவரும் தொடாமல், சுழன்றது.

ஒரு விரல்.

"ஐயோ இஸ்ரவேலு... விட்ருலே... கால்ல விழுதேன்லே..."

புரியலையே, மறுபடி சொல்லு.

இரண்டாவது விரல். மோதிரமும் எலும்பும் சேர்ந்து நசுங்கின. ரத்தம் அச்சுப் பள்ளங்களில் நிரம்பி வழிந்தது. அவர் கத்தக் கத்தத் திரையில் அந்த வரியே வந்துகொண்டிருந்தது. கடைசி விரலும் போன பிறகு இரும்புக் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். குண்டு அவர் முகத்தில் இறங்கியது.

சத்தம் நின்றுவிட்டது.

பிறகு காங்கிரீட் பலகை பிளந்தது. பிரஸ்ஸும், அதில் மாட்டிய கையோடு தாணுமாலையனும், மொத்தமாக உள்ளே போனார்கள். வெகு நேரம் கழித்துத்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கேட்டாச்சு.

டிவி அணைந்தது. நான் தவழ்ந்து போய் ரிக்கார்டரைத் திறந்து, கேசட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்துகொண்டு தெருவில் விழுந்து கத்தினேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள். மேலே தாணுமாலையன். அடியில், சேற்றுக்குள், என் அண்ணன். வலது கை விரல் எலும்புகள் மட்டும் தகடு மாதிரி இருந்தன. பிரஸ் சரிந்து பலகை உடைந்தது, விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பழைய எலும்புக்குக் காரணம் வெள்ளம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஸ்ரீவத்ஸன் தலை நிறையத் தையலோடு பிழைத்தான். அவனுக்கு அந்தப் பகலே ஞாபகம் இல்லை. கொடுத்து வைத்தவன்.

அண்ணனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். அம்மா அழுதாள். தேக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். திரும்பி வந்ததும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் கடைசியா என்ன சொன்னான்னு யாருக்காவது தெரியுமாளா?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாம்மா. தண்ணி சட்டுனு கொண்டு போயிருக்கும்."

அந்த அலறலை அவள் கேட்கக் கூடாது. ஒருநாளும் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் அதைச் செய்தேன். அம்மா அயர்ந்து தூங்கிய ஒரு மத்தியானம், வீட்டிலிருந்த ரிக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போட்டேன். மைக் துளையில் வெறும் பிளக்கை ஒழுங்காகச் சொருகினேன். அண்ணன் கற்றுக்கொடுத்தபடியே. ரிக்கார்ட் பட்டனை அமுக்கினேன். டேப் முடிந்து பட்டன் மேலே எழும்பியது.

சரிபார்க்க ஓடவிட்டேன். மௌனம்.

நல்ல மௌனம்.

ரப்பர் கருகுகிற வாசம் வந்தது.

"எந்தக் கையாலளா அழிச்ச?"

தாணுமாலையன், ஆம்பிளையைக் கூப்பிடுகிற 'லே' போட்டுக் கேட்டிருந்தார். இது பொம்பளையைக் கூப்பிடுகிற 'ளா' என்றது. குரல் தாணுமாலையனுடையது இல்லை. என் அண்ணனுடையது.

எதிரே இருந்த டிவிக்கு வயர்கூட மாட்டியிருக்கவில்லை. பொருநை மெஷின் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது. திரையில் எழுத்து வந்தது.

கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டேப்பில் அலறல் மட்டும் இல்லை. அம்மாவுக்கு அவன் விட்டுப்போன ஒரே வார்த்தையும் அதில்தான் இருந்தது. அதைச் சேர்க்கத்தான் அத்தனை வருஷம் காத்துக் கிடந்திருக்கிறான். நான் அதை அழித்துவிட்டேன்.

"அண்ணே, அம்மா தாங்கமாட்டாளேன்னுதான்..." என்றேன்.

புரியலையே, மறுபடி சொல்லு.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி. வாய் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் பதில் சொன்னது.

"வலது கை."

பெரியாஸ்பத்திரி டாக்டர் எந்த மெஷினில் கை மாட்டியது என்று கேட்டார். மெஷின் இல்லை என்றேன். நம்பவில்லை. ஐந்து விரலும் ஒரே கனத்தில், ஒரே அளவாகத் தட்டையாகியிருந்தன. அதனால்தான் இதை இடது கையால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் கடைசியாக 'அம்மா' என்று கூப்பிட்டான் என்றும் சொன்னேன். அம்மா அழவில்லை. எழுந்து போய் அந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"நீ சொல்லி எனக்கு என்னத்துக்குளா? அவன் வாயால கேக்கணும்."

இருண்ட திரையில் எழுத்து வந்தது. அம்மாவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுபடி சொல்லு.

மறுபடி சொன்னேன். நேற்றும் சொன்னேன், இன்றைக்குக் காலையிலும் சொன்னேன். 'கேட்டாச்சு' என்று திரை மாறவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ரப்பர் வாசம் ஏறுகிறது. இடது கைச் சுண்டுவிரல் லேசாகச் சுட ஆரம்பித்திருக்கிறது.